டெஸ்க்டாப்பின் லாக்கை வேறொரு சர்வருக்கு அனுப்புவது: இணைப்பு இல்லாத நேரத்து வரிகள் எங்கே போகின்றன?

கேள்வி இதுதான்: லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்று அவ்வப்போது அப்படியே உறைந்துபோகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், உறைந்த நேரத்தை ஒட்டிய லாக் வரிகள், அதாவது கணினி தன் நிகழ்வுகளைப் பதியும் குறிப்புகள், ஃபைலில் இல்லை. அதனால் எல்லா லாக்கையும் இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடலாம் என்று, லாக் வரிகளைச் சேமிக்கவும் அனுப்பவும் உள்ள ஆர்சிஸ்லாக் (rsyslog) நிரலின் அமைப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். வரிகள் வருகின்றன. ஆனால் நடுநடுவே ஓட்டை. சர்வரை ரீபூட் செய்த நேரத்து வரிகள் வரவே இல்லை, டெஸ்க்டாப் கிளம்பிய முதல் நிமிடத்து வரிகளும் இல்லை. இதைச் சரியாகச் செய்வது எப்படி?

லாக்கை அனுப்புவது ஒரே ஒரு வரி வேலை. அனுப்ப முடியாத நேரத்தில் அந்த வரிகள் எங்கே காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மீதி வேலை முழுவதும். நீங்கள் முதல் பாதியைச் செய்துவிட்டீர்கள். இரண்டாவது பாதியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் டெஸ்க்டாப்பிலேயே கடைசி வரிகள் ஏன் காணாமல் போகின்றன என்று பார்த்துவிடலாம். சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) உள்ள கணினிகளில் லாக்கை முதலில் வாங்குவது அதன் பகுதியான ஜர்னல்டி. வாங்கிய வரியை டிஸ்கில் கட்டாயம் எழுதி முடி என்று அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்வது, இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். மிகத் தீவிரமான மூன்று நிலைகளில் வரும் வரிகளுக்கு மட்டும் உடனே எழுதச் சொல்லும். மற்றவை கெர்னலின் நினைவகத்தில் காத்திருந்து, கெர்னலுக்குத் தோதான நேரத்தில் டிஸ்குக்குப் போகும். அதற்குள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவ்வளவுதான். ஆர்சிஸ்லாக்கும் ஒவ்வொரு வரிக்கும் டிஸ்கை வற்புறுத்துவதில்லை. வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். வார் அடைவில் உள்ள லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு (/var/log/journal) இல்லையென்றால், பல கணினிகளில் ஜர்னல் முழுவதும் நினைவகத்தில்தான் இருக்கும். ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும். அந்த அடைவை உருவாக்கி ஜர்னல்டியை மறுபடி தொடங்கினாலே பாதிக் குறை தீர்ந்துவிடக்கூடும். சர்வருக்கு அனுப்புவதற்கு முன் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

இது போதாது என்றால், நீங்கள் நினைத்தது சரியான வழி. வரி பிறந்த உடனே அந்தக் கணினியை விட்டு வெளியேறிவிட வேண்டும். பழைய யோசனைதான் இது. 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் ஓர் ஊடுருவல்காரரைக் கண்காணித்தபோது, உள்ளே வரும் இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் தாளில் இறக்கினார். கணினிக்குள் நுழைந்தவரால் அதிலுள்ள ஃபைலை அழிக்க முடியும், வெளியே அச்சான தாளை அழிக்க முடியாது. உங்கள் கணினியில் ஊடுருவல் இல்லை, உறைதல்தான். ஆனாலும் தேவை ஒன்றே: கணினிக்கு என்ன ஆனாலும் வரி பிழைக்க வேண்டும்.

லாக் வரிகளை எழுதவும் அனுப்பவும் உள்ள சிஸ்லாக் என்ற முறையே 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு வரியின் தலையிலும் கோண அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை ஓர் எண், எவ்வளவு தீவிரம் என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண். முதலாவதை 8-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் அந்தத் தலைப்பு எண் கிடைக்கும். தீவிரத்தில் 0 என்றால் கணினியே பயன்படாத நிலை, 7 என்றால் பிழைதிருத்தச் செய்தி. லாகர் என்ற கட்டளையால் நீங்கள் ஒரு சோதனை வரி அனுப்பினால் அது <13> என்று போகும்: பயனர் பகுதி 1, எட்டால் பெருக்க 8, கவனிக்கத்தக்கது என்ற நிலை 5. நெட்வொர்க்கில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் ரொம்ப உதவும்.

சரி, அந்த ஒற்றை வரிக்கு வருவோம். நீங்கள் சேர்த்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

*.* @192.168.1.10:514

இடப்பக்கம் உள்ள நட்சத்திரங்கள் 'எல்லாப் பகுதியும், எல்லாத் தீவிரமும்' என்று பொருள்படும். ஒரு @ இருந்தால் யுடிபி (பதிலை எதிர்பாராமல் அனுப்பும் முறை), இரண்டு இருந்தால் டிசிபி (இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் முறை):

*.* @@192.168.1.10:514

இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறைய. சர்வரில் டிசிபியை மட்டும் திறந்துவிட்டு, இங்கே ஒரே ஒரு @ போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, லாக்கும் வராது.

யுடிபியில் அனுப்புகிறவருக்கு எதுவும் திரும்பி வராது. பாக்கெட் வழியில் தொலைந்ததா, சர்வர் அணைந்திருக்கிறதா, ஃபயர்வால் தடுத்ததா என்று டெஸ்க்டாப்புக்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் சொன்ன 'சர்வர் ரீபூட் ஆன நேரத்து ஓட்டை' இதனால்தான். ஆனால் யுடிபி கெட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது எதற்கும் காத்திருப்பதில்லை, அதனால் அனுப்புகிற கணினியை ஒருபோதும் தொங்கவிடாது. இந்தக் குணம் ஏன் அருமையானது என்பது கொஞ்சம் கீழே புரியும்.

டிசிபிக்கு மாற்றினால் நிலைமை மேம்படும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 'டிசிபி நம்பகமானது, எனவே வரி தொலையாது' என்பது பலரும் நம்பும் தவறு. டிசிபியில் ஆர்சிஸ்லாக் வரியைக் கெர்னலிடம் ஒப்படைத்ததும் 'அனுப்பியாயிற்று' என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. கெர்னல் அதைத் தன் அனுப்பும் பஃபரில் (தற்காலிக நினைவக இடத்தில்) வைத்துக்கொள்கிறது. எதிர்முனை மௌனமாக மறைந்துபோனால், அதாவது மின்சாரம் போய்விட்டாலோ கேபிள் கழன்றாலோ, கெர்னல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் கைவிடுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பஃபரில் சேர்ந்த வரிகள் எல்லாம் ஆர்சிஸ்லாக்கைப் பொறுத்தவரை 'போய்ச் சேர்ந்தவை'. இணைப்பு முறிந்ததும் பஃபர் தூக்கி எறியப்படும், வரிகள் போய்விடும். ஆர்சிஸ்லாக்கை எழுதிய ரைனர் கெர்ஹார்ட்ஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். சர்வர் 'இந்த வரி கிடைத்தது' என்று மென்பொருள் மட்டத்தில் பதில் சொன்னால் ஒழிய, அனுப்பியவருக்கு உண்மை தெரியாது.

அந்தப் பதில் சொல்லும் முறைதான் ரெல்ப் (RELP). ஆர்சிஸ்லாக்குக்காகவே உருவானது. சர்வர் ஒவ்வொரு வரிக்கும் ரசீது கொடுக்கும். ரசீது வராத வரியை அனுப்புகிறவர் வைத்திருந்து மறுபடி அனுப்புவார். இரண்டு முனையிலும் அதற்கான தொகுதியை நிறுவ வேண்டும். இரண்டு பக்கமும் ஆர்சிஸ்லாக்தான் என்றால், நான் யோசிக்காமல் இதைத்தான் பரிந்துரைப்பேன். எப்போதாவது ஒரு வரி இரண்டு முறை வந்து சேரும். விட்டுப்போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து, காத்திருக்கும் இடம், அதாவது கியூ. இங்கேதான் உண்மையான ஆபத்தும் இருக்கிறது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் எல்லா டெஸ்க்டாப்பும் டிசிபி வழியே ஒரு மத்திய சர்வருக்கு லாக் அனுப்பும்படி அமைத்திருந்தோம். 'எவ்வளவு நேரமானாலும் விடாமல் முயற்சி செய்' என்றும் சொல்லியிருந்தோம். வரி தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஒருநாள் மத்திய சர்வரின் டிஸ்க் நிரம்பி, அது எதையும் வாங்காமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப்களில் லாகின் செய்யவே முடியவில்லை. கடவுச்சொல்லை அடித்துவிட்டு நீண்ட நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோவை அடித்தாலும் அதே கதை. நெட்வொர்க் கோளாறு, பயனர் கணக்குச் சர்வர் கோளாறு என்று எங்கெங்கோ தேடினோம். உண்மையில் நடந்தது இதுதான்: தொலைதூரத்துக்கு அனுப்பும் வேலைக்குத் தனி கியூ வைக்கவில்லை. அந்த வேலை நின்றதும் ஆர்சிஸ்லாக்கின் பொது கியூ நிரம்பியது. லாகின் நிரலும் சூடோவும் ஒவ்வொரு வரியை எழுதும்போதும் இடம் கிடைக்குமா என்று சில வினாடி காத்திருந்தன. ஒரு லாகினுக்குப் பல வரிகள். கூட்டிப் பார்த்தால் தெரியும்.

அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தொலைவுக்கு அனுப்பும் வேலைக்குத் தனி கியூ இல்லாமல் டிசிபியையோ ரெல்ப்பையோ தொடுவதில்லை. ஆர்சிஸ்லாக்கின் புதிய அமைப்பு முறையில், அனுப்பும் வேலையை விவரிக்கும் ஆக்‌ஷனுக்குள்ளேயே இவற்றை எழுதுங்கள். கியூவின் வகையை 'லிங்க்ட் லிஸ்ட்' என்று வையுங்கள். கியூவுக்கு ஒரு ஃபைல் பெயர் கொடுங்கள். ரெஸ்யூம் ரிட்ரை கவுண்ட் என்பதை -1 ஆக்குங்கள், அதாவது கைவிடாமல் முயற்சி செய். சேவ் ஆன் ஷட்டவுன் என்பதை இயக்குங்கள். மேக்ஸ் டிஸ்க் ஸ்பேஸ் என்பதற்கு ஓர் எல்லை வையுங்கள். ஒரு டெஸ்க்டாப்புக்கு 1 ஜிபி தாராளம்.

இதில் ஃபைல் பெயர்தான் உயிர்நாடி. பெயர் கொடுக்காவிட்டால் கியூ நினைவகத்தில் மட்டும் இருக்கும், கணினி அணைந்தால் காலி. பெயர் கொடுத்தால் சாதாரண நேரத்தில் நினைவகத்தில் ஓடும், நிரம்பத் தொடங்கினால் டிஸ்கில் வழியும், சர்வர் திரும்பியதும் தானாக வடியும். அந்த ஃபைல் எந்த அடைவில் விழும் என்பது பொது அமைப்பில் உள்ள வேலை அடைவைப் பொறுத்தது. அந்த அடைவு இருக்கிறதா, ஆர்சிஸ்லாக் ஓடும் பயனருக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். உரிமை இல்லையென்றால் டிஸ்கில் வழிவது வேலை செய்யாது. அதை ஒரு நெருக்கடி நாளில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

மேலே காட்டிய பழைய பாணி @@ வரிக்கு மட்டும் என்றால் இவை எதுவும் கிடையாது. சர்வர் கிடைக்காவிட்டால் அந்த ஆக்‌ஷனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும், அந்த இடைவெளியில் வந்த வரிகளை விட்டுவிடும். கணினி தொங்காது, ஆனால் ஓட்டை விழும்.

டெஸ்க்டாப் என்பதால் வரும் தனிச் சிக்கல்களும் உண்டு. லாக் அனுப்புவது பற்றி எழுதப்பட்ட பெரும்பாலான விளக்கங்கள், அனுப்புகிற கணினியும் ஒரு சர்வர், நாள் முழுக்க கேபிளில் இணைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. டெஸ்க்டாப் அப்படி இல்லை. பல டெஸ்க்டாப்களில் வைஃபையின் கடவுச்சொல் பயனரின் சாவிக்கொத்தில் இருக்கிறது. பயனர் லாகின் செய்த பிறகுதான் நெட்வொர்க்கே வரும். கணினி கிளம்பியதிலிருந்து அதுவரை வந்த கெர்னல் வரிகள், டிரைவர் வரிகள் எல்லாம் போக இடமில்லாமல் நிற்கும். நீங்கள் கேட்ட 'முதல் நிமிடத்து வரிகள்' இங்கேதான் தொலைந்தன. கியூ இருந்தால் அவை காத்திருந்து போய்ச் சேரும். இல்லாவிட்டாலும் நெட்வொர்க் மேனேஜரில் அந்த வைஃபை இணைப்பை 'எல்லாப் பயனருக்கும்' என்று மாற்றினால் லாகினுக்கு முன்பே இணையும். அணைக்கும்போதும் இதே கதைதான். ஆர்சிஸ்லாக் நிற்பதற்கு முன்பே வைஃபை போய்விடலாம். சேவ் ஆன் ஷட்டவுன் இருந்தால் அந்தக் கடைசி வரிகள் அடுத்த முறை கணினி கிளம்பியதும் சர்வருக்குப் போகும்.

உறக்க நிலை இன்னொன்று. கணினி உறங்கி எழுந்ததும் பழைய டிசிபி இணைப்பு உயிரோடு இருப்பதுபோலத் தெரியும், எதிர்முனை எப்போதோ மறந்திருக்கும். மேலே சொன்ன பஃபர் பிரச்சினை இங்கே தினமும் நடக்கும். ரெல்ப்பை நான் வலியுறுத்த முக்கியக் காரணம் இதுதான்.

சர்வரின் முகவரியைப் பெயராகக் கொடுக்காமல் ஐபி எண்ணாகக் கொடுங்கள். கணினி கிளம்பும்போது பெயர் தேடும் வசதி இன்னும் வந்திருக்காது. சர்வருக்கு நிலையான ஐபி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நேரம் பற்றிக் கொஞ்சம். பழைய சிஸ்லாக் வடிவத்தை 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் பதிவு செய்தது. அதன் நேரக் குறிப்பில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை, வினாடிக்குக் கீழே எதுவும் இல்லை. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 மூன்றையும் சேர்த்தது. ஆனால் ஆர்சிஸ்லாக் அனுப்பும்போது நீங்கள் சொல்லாவிட்டால் இன்றும் பழைய வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. உறைதலைத் துரத்துகிறவருக்கு வினாடியின் பின்னங்கள் முக்கியம். அனுப்பும் ஆக்‌ஷனில் டெம்ப்ளேட்டாகப் புதிய வடிவத்தைக் குறிப்பிடுங்கள். சர்வரில் வரி எழுதப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் பதியுங்கள். டெஸ்க்டாப்பின் கடிகாரம் தவறாக ஓடினாலோ, கியூவில் காத்திருந்து தாமதமாக வந்தாலோ, இரண்டுக்கும் உள்ள இடைவெளி உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டு கணினியிலும் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் க்ரோனி ஓடட்டும்.

சர்வர் பக்கம் அதிகம் சொல்வதற்கில்லை. டிசிபிக்கோ ரெல்ப்புக்கோ உரிய உள்ளீட்டுத் தொகுதியை ஏற்றி, போர்ட்டைத் திறந்து, ஃபயர்வாலில் உங்கள் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வெளியிலிருந்து வரும் வரிகளுக்குத் தனி ரூல்செட் (விதித் தொகுப்பு) வையுங்கள். இல்லாவிட்டால் சர்வரின் சொந்த லாக்கோடு கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு, ஒவ்வொரு கணினிக்கும் தனி ஃபைல் என்று பிரிக்கும்போது எல்லாரும் வரியில் உள்ள கணினிப் பெயரை வைத்துப் பிரிக்கிறார்கள். அந்தப் பெயரை எழுதுவது அனுப்புகிறவர். நிறுவியபோது வந்த பெயரை மாற்றாத இரண்டு கணினிகள் ஒரே ஃபைலில் விழும், வேண்டுமென்று பொய்ப் பெயர் போடுகிறவரும் உள்ளே நுழைவார். பாக்கெட் உண்மையில் எந்த ஐபியிலிருந்து வந்தது என்பதை வைத்துப் பிரிப்பதே நல்லது, டெஸ்க்டாப்புக்கு ரௌட்டரில் ஐபியை நிலைப்படுத்திவிட்டால் குழப்பமே இல்லை. மூன்று, பழைய லாக்கை அவ்வப்போது ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட்டை முதல் நாளே அமைத்துவிடுங்கள், முடிந்தால் தொலை லாக்குக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள். டிஸ்க் நிரம்பிய சர்வர் என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு இயங்கும் சர்வரில் வழக்கமில்லாத போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆர்சிஸ்லாக்கால் அதைத் திறக்க முடியாது. அந்தப் போர்ட்டைச் சிஸ்லாக்குக்கு உரியது என்று முதலில் பதிவு செய்ய வேண்டும்.

மறையாக்கம் தேவையா? கணினியும் சர்வரும் ஒரே அறையில், ஒரே கேபிள் சுவிட்சில் என்றால் உடனடியாகத் தேவையில்லை. அதைத் தாண்டினால் கட்டாயம். லாக்கில் இரகசியம் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்கலாம். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை அடிக்காதவர் யார்? 'இந்தப் பெயரில் பயனர் இல்லை' என்று அந்தக் கடவுச்சொல் அப்படியே லாக்கில் ஏறும், நீங்கள் அமைத்த வழியில் நெட்வொர்க்கைத் தாண்டிப் போகும். டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை வழி போகும் சிஸ்லாக்குக்கு 6514 என்ற போர்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ்கள் தயாரிக்க வேண்டும், எதிர்முனையின் பெயரைச் சரிபார்க்கவும் சொல்ல வேண்டும். சரிபார்க்காமல் மறையாக்கம் மட்டும் செய்தால் யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரியாமல் பூட்டிய பெட்டியை அனுப்புவதுபோல ஆகிவிடும். ஒன்றிரண்டு கணினிகள்தான் என்றால் சான்றிதழ் வேலையைவிட இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்கார்டு (விபிஎன்) சுரங்கம் போட்டு அதற்குள் அனுப்புவது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

டெஸ்க்டாப் இன்னொருவருடையது என்றால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எப்போது லாகின் செய்தார், எப்போது திரையைப் பூட்டினார், என்ன யுஎஸ்பி செருகினார் என்று எல்லாமே அதில் இருக்கும்.

இனி உங்கள் மூலப் பிரச்சினைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தாலும், உறையும் நேரத்து முக்கியமான வரி சர்வருக்கு வராமல் போகலாம். காரணம் எளிது. கெர்னல் ஒரு பிழையை எழுதுகிறது. அதை ஜர்னல்டி படிக்க வேண்டும், ஆர்சிஸ்லாக் வாங்க வேண்டும், கியூவில் போட வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். இவை எல்லாம் சாதாரண நிரல்கள். கெர்னலே முடங்கிவிட்டால் இந்த நிரல்கள் ஓடுவதற்கு முறை கிடைக்காது. டிஸ்க் தொங்கினாலும் அப்படித்தான். ஆர்சிஸ்லாக் உள்ளூர் ஃபைலில் எழுதப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அனுப்பும் ஆக்‌ஷனை 50-க்குக் குறைவான எண்ணில் தொடங்கும் ஃபைலில் வைத்து, உள்ளூர் ஃபைல் விதிகளுக்கு முன்னால் கொண்டுவந்தால் கடைசி வரிக்கு ஒரு வாய்ப்பு கூடும். அவ்வளவுதான் செய்ய முடியும்.

இதற்கென்றே கெர்னலில் இருப்பது நெட்கன்சோல். எந்த நிரலையும் நம்பாமல் கெர்னலே தன் செய்திகளை நேரடியாக யுடிபி பாக்கெட்டாக நெட்வொர்க் கார்டில் தள்ளும். இயல்பான போர்ட் அனுப்பும் பக்கம் 6665, வாங்கும் பக்கம் 6666. அனுப்பும் ஐபி, நெட்வொர்க் கார்டின் பெயர், வாங்கும் ஐபி, வாங்கும் கணினியின் வன்பொருள் முகவரி ஆகியவற்றைக் கொடுத்து அந்த மாட்யூலை ஏற்ற வேண்டும். சர்வர் வேறொரு ரௌட்டருக்கு அப்பால் இருந்தால் ரௌட்டரின் வன்பொருள் முகவரியைக் கொடுக்க வேண்டும், சர்வருடையதை அல்ல. இதில் தடுமாறாதவர் குறைவு. கேபிள் இணைப்பு வேண்டும், வைஃபையில் பொதுவாக இது வேலை செய்யாது. எந்தத் தீவிரம் வரை காட்டுவது என்ற கன்சோல் நிலையை 8-க்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கெர்னல் தீவிரமானவற்றை மட்டும்தான் அனுப்பும். வாங்கும் பக்கம் 6666-இல், வருவதை அப்படியே வாங்கும் நெட்கேட் நிரல் ஒன்றை ஓடவிட்டு ஃபைலில் சேர்த்தாலே போதும். யுடிபி காத்திருப்பதில்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குணத்துக்காகத்தான் இங்கே அதைத் தேர்ந்திருக்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கும் கெர்னல் யாருடைய ரசீதுக்காகவும் நிற்க முடியாது.

இதோடு ஒரு பழக்கத்தையும் மாற்றுங்கள். கணினி உறைந்ததும் உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். ஒரு செயலி மையம் சிக்கிக்கொண்டால் கெர்னலின் காவல் நாய் (வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு) சுமார் 20 வினாடிக்குப் பிறகுதான் குரைக்கும். டிஸ்குக்காகக் காத்து ஒரு நிரல் தொங்கினால் அதைப் பற்றிய எச்சரிக்கை இயல்பாக 120 வினாடிக்குப் பிறகுதான் வரும். பத்தே வினாடியில் அணைத்துவிட்டால், சொல்ல வந்த கெர்னலின் வாயை நீங்களே பொத்திவிடுகிறீர்கள். குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள். பிறகும் பவர் பட்டனுக்குப் பதிலாக ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த விசை உங்கள் கணினியில் அனுமதிக்கப்பட்டிருந்தால், கெர்னல் நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் எழுத முயலும். இவ்வளவுக்கும் பிறகு நெட்கன்சோலில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், நான் மென்பொருளைத் தேடுவதை நிறுத்திவிட்டு மின்வழங்கி, ரேம், சூடு என்று வன்பொருள் பக்கம் போவேன்.

விண்டோஸ் டெஸ்க்டாப்பும் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், விண்டோஸ் தானாகச் சிஸ்லாக் பேசாது. ஒரு விண்டோஸ் சர்வரிடம் சேர்க்க அதிலேயே ஈவென்ட் ஃபார்வர்டிங் வசதி உண்டு, அது 5985 போர்ட்டில் பேசும். லினக்ஸ் சர்வருக்குத்தான் போக வேண்டும் என்றால் என்எக்ஸ்லாக் போன்ற ஓர் இடைத்தரகர் நிரலை நிறுவ வேண்டும். லினக்ஸில் ஆர்சிஸ்லாக்கே வேண்டாம், ஜர்னலை அப்படியே அனுப்பலாம் என்றால் சிஸ்டம்டியின் ஜர்னல் அப்லோட், ஜர்னல் ரிமோட் என்ற ஜோடி இருக்கிறது, போர்ட் 19532. ஜர்னலின் எல்லாப் புலங்களும் சிதையாமல் போகும் என்பது அதன் பலம். விட்ட இடத்திலிருந்து தொடரவும் தெரியும். வாங்கும் பக்கமும் சிஸ்டம்டி இருந்தால் அதுவும் நல்ல தேர்வுதான்.

எது வரவில்லை என்று தேடும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் ஆர்சிஸ்லாக் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் 12 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பிறகு ஆர்சிஸ்லாக்கின் சோதனை முறையில் அமைப்பு ஃபைலைச் சரிபாருங்கள். லாகரால் ஒரு வரி எழுதி, அது உள்ளூர் ஃபைலில் வருகிறதா என்று பாருங்கள். உள்ளூரிலேயே வரவில்லை என்றால் ஜர்னல்டிக்கும் ஆர்சிஸ்லாக்குக்கும் நடுவே கோளாறு, நெட்வொர்க்கைத் தேடிப் பயனில்லை. வருகிறது என்றால், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை டெஸ்க்டாப்பில் ஓட்டி பாக்கெட் கிளம்புகிறதா, சர்வரில் ஓட்டி வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சர்வர் வரை வந்தும் ஃபைலில் இல்லை என்றால் ஃபயர்வால் அல்லது ரூல்செட். வரிகளின் நடுவே #012 என்று தெரிந்தால் பயப்படாதீர்கள், பல வரிச் செய்தியின் வரி முறிவை ஆர்சிஸ்லாக் அப்படிக் குறித்துவைக்கிறது. குறுகிய நேரத்தில் ஏராளமான வரிகள் வந்து சில மட்டும் காணாமல் போனால் ஜர்னல்டியின் வேக வரம்பைப் பாருங்கள். ஒரே சேவையிலிருந்து 30 வினாடியில் 10,000 வரி என்ற அளவைத் தாண்டினால் மீதியைக் கைவிட்டு, எத்தனை கைவிட்டேன் என்று ஒரு வரி எழுதும்.

எல்லாம் அமைத்த பிறகு, உறைதலுக்காகக் காத்திருக்காமல் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். லாகரால் வினாடிக்கு ஒன்றாக 1 முதல் 600 வரை எண்ணிட்ட வரிகளை அனுப்பும் ஒரு சிறு லூப்பை டெஸ்க்டாப்பில் ஓடவிடுங்கள். நூறாவது வரி வாக்கில் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து மாட்டுங்கள். முந்நூறு வாக்கில் சர்வரில் ஆர்சிஸ்லாக்கை நிறுத்தித் தொடங்குங்கள். இந்த நேரம் முழுக்க டெஸ்க்டாப்பில் சூடோ வழக்கம்போல உடனே பதில் சொல்கிறதா என்று அடித்துப் பாருங்கள். லூப் முடிந்து சில நிமிடம் கழித்து சர்வரின் ஃபைலில் எண்களை எண்ணுங்கள். 600-உம் இருந்தால் வேலை முடிந்தது. கேபிள் பிடுங்கிய இடத்தில் சில வரிகள் மட்டும் குறைந்தால் அது டிசிபி பஃபர், ரெல்ப்புக்கு மாறுங்கள். இரண்டு நிமிட வரிகளும் மொத்தமாகக் குறைந்தால் கியூவே வேலை செய்யவில்லை, ஃபைல் பெயரையும் வேலை அடைவின் உரிமையையும் மறுபடி பாருங்கள்.